கெட்டிப் பையும் மெல்லிசுப் பையும்

ஜூன் 6

என் அருமை அக்காவுக்கு,

ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது: விடுதியின் மூன்றாம் மாடிப் படிக்கட்டில், நேற்று மாலை டீ மணிக்கு ஓடிய ஓட்டத்தில், என் இடது கால் செருப்பின் வார் அறுந்து காலமானது. துணையை இழந்த வலது கால் செருப்பு கட்டிலுக்கு அடியில் கவிழ்ந்து படுத்திருக்கிறது. மலர் வளையம் வேண்டாம். அம்மாவிடம் சொல்லிப் புது ஜோடி ஒன்று அனுப்பினால் போதும்.

அடுத்த செய்தி. உன் தம்பி ஆசிரியராகிவிட்டான். சிரிக்காதே. வாயைப் பிளந்து 'ஆ' என்று 'சிரி'ப்பவர்களுக்கு எதிரே நிற்பதால்தான் அவருக்கு ஆசிரியர் என்று பெயர் என்பது எனக்கே இப்போதுதான் விளங்குகிறது.

நடந்தது இவ்வளவுதான். 'தண்ணீர்த் தட்டுப்பாட்டை முன்னிட்டு, மறு உத்தரவு வரும்வரை குளியல் தடை செய்யப்படுகிறது' என்று அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினேன். கீழே வார்டனின் கையெழுத்து. அதை வார்டனைவிட நான் நன்றாகப் போடுவேன். பாதி விடுதி மகிழ்ச்சியோடு கீழ்ப்படிந்தது. விஷயம் மூக்கு வழியாக வார்டன் அறைக்குப் போய்ச் சேர்ந்தது. என்னை நிற்க வைத்து விசாரித்தபோது அறிவியல் மிஸ் சொன்னார்: "ஒரு நாத்தம் இடம் விட்டு இடம் எப்படிப் பரவுதுன்னு இவ்வளவு அழகா செஞ்சு காட்டியிருக்கியே. ஏழாம் வகுப்புக்கு அந்தப் பாடத்தை நீயே நடத்திடு, ராசா."

தண்டனை என்றால் இது! சனிக்கிழமைதோறும் ஏழாம் வகுப்புக் குரங்குகளுக்கு, செல்லின் சவ்வைத் தாண்டிப் பொருள்கள் எப்படி உள்ளே வருகின்றன, வெளியே போகின்றன என்று நான் விளக்க வேண்டும். புத்தகத்தைத் திறந்தேன். பரவல், சவ்வூடு பரவல் என்று போட்டிருக்கிறது. பரவலாகப் படித்தும் பரவாயில்லை என்று சொல்லும்படி ஒன்றும் ஏறவில்லை. நர்சிங் படிக்கப் போகிறவள் நீ. நாலு வரி எழுதி அனுப்பு. மற்றதை என் வாய் பார்த்துக்கொள்ளும்.

அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று எனக்குப் பரீட்சை இருந்ததால்தான் அங்கே வராமல் பஸ் ஏற வேண்டியதாயிற்று. அப்பாவுக்கு மூச்சு வாங்குவது குறைந்ததா?

இப்படிக்கு,
அஞ்சா நெஞ்சன், உன் தம்பி


ஜூன் 11

வாலு,

உன் செருப்புக்கு என் அனுதாபம். அப்பாவைப் பற்றிக் கடைசி வரியிலாவது கேட்டாயே, அதற்கு நன்றி.

அப்பாவுக்கு மூச்சுக்காக வைத்திருந்த குழாயை எடுத்துவிட்டார்கள். தலையணை வைத்துச் சாய்ந்து உட்காருகிறார். கண் விழித்ததும் "சின்னவன் எங்க?" என்றார். பரீட்சை என்று சொன்னேன். "லீவு முடிஞ்ச அன்னிக்கே பரீட்சையா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் கண்ணை மூடிக்கொண்டார். நானும் அதையேதான் கேட்கிறேன். பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

வீட்டில் அப்பாவுக்கு டயாலிசிஸ் பை மாற்றும்போது நீ ஒருநாளும் அறைக்குள் நின்றதில்லை. அதனால் நடந்ததை எழுதுகிறேன். அப்பாவின் சிறுநீரகம் வெளியேற்ற முடியாத தண்ணீரை, நாம் வயிற்றுக்குள் விடும் மருந்துத் தண்ணீர்தான் இழுத்து எடுக்கிறது. அது இரண்டு வகை. கெட்டிப் பை நிறைய இழுக்கும். மெல்லிசுப் பை கொஞ்சம் இழுக்கும். தினமும் காலையில் எடை பார்த்து, நர்ஸ் சொன்ன எடைக்கு மேலே இருந்தால் கெட்டி, கீழே இருந்தால் மெல்லிசு. இதுதான் என் வேலை. இது மட்டும்தான்.

நீ லீவில் இருந்தபோது ஒரு காலையில் அப்பாவின் எடை இரண்டு கிலோ குறைந்திருந்தது. நினைவிருக்கும். வீடே குதித்தது. நான் மெல்லிசுப் பைக்கு மாறினேன். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் எடை சரியாகத்தான் காட்டியது, அல்லது காட்டியதாக எனக்குத் தெரிந்தது. கால் வீங்கியதைக் கண்ணால் பார்த்தேன். அப்பாகூட "செருப்பு இறுக்குதும்மா" என்றார். எண்ணைத்தான் நம்பினேன். ஆஸ்பத்திரியில் எடை போட்டபோது நான் சொன்னதற்கும் அவர்கள் பார்த்ததற்கும் அவ்வளவு வித்தியாசம். டாக்டர் என்னைப் பார்த்து, "தினமும் எடை பார்த்தீங்களா, இல்ல குத்துமதிப்பா எழுதினீங்களா?" என்றார். வார்டில் எல்லோரும் இருந்தார்கள்.

நர்ஸ் வீட்டுக்கு வந்து நம் மெஷினைச் சோதித்தார். அது சரியாக இருக்கிறது. அப்படியென்றால் தப்பு என்னுடையது. எண்ணைத் தப்பாகப் படித்திருக்கிறேன், அதுவும் தினமும். ஒரு அப்பாவையே பார்த்துக்கொள்ளத் தெரியாதவளிடம் ஒரு வார்டை ஒப்படைப்பார்களா? நர்சிங் கல்லூரிக்கு மாதக் கடைசிக்குள் பதில் போட வேண்டும். இடம் வேண்டாம் என்று எழுதப் போகிறேன்.

உன் பாடம்: முதலில் விளக்கம் சொல்லாதே, தூங்கிவிடுவார்கள். வகுப்பின் ஒரு மூலையில் வாசனை எண்ணெயைத் திறந்து வை. மணம் வந்ததும் கை தூக்கச் சொல். நெரிசலான இடத்திலிருந்து காலியான இடத்துக்குத் துகள்கள் தாமாகவே போகும், யாரும் தள்ள வேண்டாம். அதுதான் பரவல். சவ்வு என்பது வாசற்படி மாதிரி. எல்லாவற்றையும் விடாது, சிலவற்றை மட்டும் விடும். சவ்வு மாதிரி இழுக்காமல் இதை மட்டும் சொல்.

அக்கா


ஜூன் 14
(அனுப்பாதது)

அக்கா,

அந்த மெஷின் சரியாக இருக்கிறது என்றால் நான் அதைச் சரிசெய்துவிட்டு வந்தேன் என்று அர்த்தம்.

அடியில் ஒரு சின்னத் திருகு இருக்கிறது. நீ கண்ணாடி முன்னால் நின்று "ரெண்டு கிலோ இளைக்கணும், ரெண்டு கிலோ இளைக்கணும்" என்று பாட்டு மாதிரிப் பாடிக்கொண்டிருந்தாய் அல்லவா? அன்று ராத்திரி நான் அந்தத் திருகைத் திருப்பி, முள்ளைப் பூஜ்யத்துக்கு இரண்டு கிலோ கீழே தள்ளினேன். நீ ஏறிப் பார்த்துக் குதிப்பாய், கேக் தின்பாய், நான் ஊருக்குக் கிளம்பும் நாளில் சொல்லிச் சிரிக்கலாம் என்று. அப்பாவும் அதில்தான் ஏறுகிறார் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் இரண்டு கிலோ குறையும், அவ்வளவுதானே என்று

அப்பா எடை குறைந்ததைப் பார்த்து, டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் இன்னும் இரண்டு மடக்குத் தண்ணீர் கேட்டார். நீ கொடுத்தாய். நாக்கில் வைத்து வைத்துக் குடித்தார். அந்த முகத்தைப் பார்த்து, நல்ல காரியம்தான் செய்திருக்கிறோம் என்று நினைத்தேன் அக்கா. நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

ஆம்புலன்ஸ் போன பிறகு வீட்டில் யாருமில்லை. திருகைத் திருப்பி வைத்தேன். ஏன் வைத்தேன் என்று


ஜூன் 14

மதிப்புக்குரிய அக்கா அவர்களுக்கு,

முதல் வகுப்பு முழு வெற்றி! இன்னொரு கடிதம் எழுத ஆரம்பித்தேன், மை கொட்டிவிட்டது, கிழித்துப் போட்டுவிட்டேன். அதனால் இது கொஞ்சம் அவசரக் கடிதம்.

வாசனை எண்ணெய்க்கு இங்கே வழியில்லை. வார்டனின் தலைவலித் தைலத்தைக் கடன் வாங்கினேன் (அவருக்குத் தெரியாமல் வாங்கினால் அதற்கும் கடன் என்றுதானே பெயர்?). முன் பெஞ்சில் கை தூக்கினார்கள், பிறகு நடு பெஞ்ச், பிறகு கடைசி பெஞ்ச். கடைசி பெஞ்சில் தூங்குமூஞ்சி ஒருவன் தூக்கத்திலேயே கை தூக்கினான். அறிவியலின் வெற்றி என்றால் அதுதான்.

அப்புறம் மேசைகளைக் குறுக்கே வரிசையாகப் போட்டு, நடுவில் ஓர் ஆள் நுழையும் சந்து விட்டேன். அதுதான் சவ்வு. சும்மா வந்தவன் நுழைந்துவிட்டான். கிரிக்கெட் பையைத் தோளில் மாட்டி வந்தவன் சிக்கிக்கொண்டான். "பாத்தீங்களாடா? சின்னதை விடும், பெருசை விடாது. அதான் தேர்ந்து விடுற சவ்வு" என்றேன்.

அவர்களில் ஒருவனுக்குக் கேள்விக்குறி என்று பெயர் வைத்திருக்கிறேன். கேள்வி கேட்கும்போது கழுத்து வளைந்து அச்சு அசல் அப்படியே இருக்கும். "அண்ணா, பையைக் கழட்டி வச்சிட்டு வந்தா விடுமா?" என்றான். "பையைக் கழட்டினா நீ வேற மூலக்கூறுடா" என்றேன். வகுப்பே கைதட்டியது. சும்மா சொல்லக் கூடாது, எனக்கு இது பிறவிக் கலை.

அடுத்த வாரம் தண்ணீர் எப்படிப் போகிறது என்ற பாடம். எழுதி அனுப்பு.

இன்னொன்று. கல்லூரிக்கு வேண்டாம் என்று எழுதாதே. உன் கண் நன்றாகத்தான் இருக்கிறது. அலமாரி மேல் நான் ஒளித்து வைத்த சாக்லேட்டை வாசலிலிருந்தே பார்த்த கண் அது.

அறிவுச் சுடர், உன் தம்பி


ஜூன் 18

வாலு,

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். மாடிப்படி ஏற முடியாததால் கூடத்திலேயே கட்டில் போட்டிருக்கிறோம். அம்மா சலவைக் கடைக்கு லீவு சொல்லிவிட்டு வீட்டில் இருக்கிறாள். எடை பார்ப்பது இப்போது அம்மா. நான் அந்த மெஷின் பக்கமே போவதில்லை. அம்மா எண்ணைச் சொல்வாள், நான் பையை எடுத்துக் கொடுப்பேன். கொடுப்பதற்கு முன்னால் "இன்னொரு தடவை பாருங்கம்மா" என்பேன். இன்னொரு தடவையும் பார்ப்பாள். நேற்று அப்பா, "என்னைப் பாத்துப் பாத்து அந்த முள்ளே களைச்சுப் போச்சு, விடும்மா" என்றார். சிரிக்க வைக்கத்தான் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. சமையலறைக்குப் போய்விட்டேன்.

உன் பாடத்துக்கு வருகிறேன். தண்ணீருக்கும் ஒரு குணம் உண்டு. சவ்வின் ஒரு பக்கம் சர்க்கரை அதிகமாகவும், இன்னொரு பக்கம் குறைவாகவும் இருந்தால், சர்க்கரை தாண்டிப் போக முடியாத இடத்திலும் தண்ணீர் தாண்டும். சர்க்கரை அதிகமான பக்கத்துக்குப் போகும். இதுதான் சவ்வூடு பரவல். உருளைக்கிழங்குத் துண்டு ஒன்றை வெறும் தண்ணீரிலும் இன்னொன்றைக் கெட்டியான சர்க்கரைப் பாகிலும் போட்டு வை. மதிய உணவுக்குப் பிறகு எடுத்தால் தண்ணீரில் கிடந்தது விறைத்திருக்கும், பாகில் கிடந்தது துவண்டிருக்கும். முன்னும் பின்னும் எடை போட்டால் குழந்தைகள் வாழ்நாளுக்கும் மறக்க மாட்டார்கள்.

அப்பாவின் பையும் இதேதான். அவர் வயிற்றின் உள்சுவரில் மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. அதுதான் சவ்வு. கெட்டிப் பையில் சர்க்கரை அதிகம், அதனால் உடம்பில் தேங்கிய தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கும். மெல்லிசுப் பையில் சர்க்கரை குறைவு, இழுப்பும் குறைவு. இழுக்காத தண்ணீர் காலில் தங்கும், பிறகு நெஞ்சில் தங்கும். இதை நான் யாருக்கும் தூக்கத்தில்கூடச் சொல்லிக் கொடுப்பேன். செய்யத்தான் தெரியவில்லை.

கல்லூரிப் பேச்சை எடுக்காதே.

அக்கா


ஜூன் 21

அக்காவுக்கு,

வரலாறு படைத்தாயிற்று. சமையல்காரர் காலில் விழாத குறையாக இரண்டு உருளைக்கிழங்கும் ஒரு டப்பா சர்க்கரையும் வாங்கினேன். பாகைப் பார்த்ததும் தூங்குமூஞ்சிக்கே தூக்கம் போய்விட்டது. விரலை விட்டு நக்கப் போனான். "பரிசோதனைப் பொருளைத் தின்னா நீயே பரிசோதனைப் பொருள் ஆயிடுவ" என்று மிரட்டினேன்.

சமையலறைத் தராசைக் கொண்டு வந்து வைத்தோம். எடை போடுவதற்கு முன்னால், வெறும் தட்டில் முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும் என்பதையும் நானே கற்றுக் கொடுத்தேன். மதியத்துக்குப் பிறகு பாகில் கிடந்த துண்டு கயிறு மாதிரித் துவண்டது. எடையும் குறைந்தது. "தண்ணி எங்கடா போச்சு?" என்றேன். "சர்க்கரை கூப்பிட்டுச்சுண்ணா, போயிடுச்சு" என்றார்கள் கோரஸாக. மூன்று முறை கைதட்டல். அறிவியல் மிஸ் கதவோரம் நின்று பார்த்துவிட்டு, "நீ பேசாம டீச்சர் வேலைக்குப் போயிடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெயர் சொல்லாமல் அப்பாவின் பையைப் பற்றியும் சொன்னேன். கேள்விக்குறி உடனே கழுத்தை வளைத்து, "கெட்டிப் பை போட வேண்டிய ஆளுக்கு மெல்லிசுப் பை போட்டா?" என்றான். நீ எழுதியதைச் சொன்னேன். காலில் தங்கும், பிறகு நெஞ்சில் தங்கும். அப்புறம் மணி அடித்துவிட்டது.

அக்கா, நீ கல்லூரிக்குச் சரி என்றே எழுது. காரணம் கேட்காதே. நான் சொல்கிறேன், எழுது.

புகழின் உச்சியில் இருக்கும் உன் தம்பி


ஜூன் 25

தம்பி,

எடை போடுவதற்கு முன்னால் முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று குனிந்து பார்க்கக் கற்றுக் கொடுத்தாயாமே. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பார்க்கிறார்கள், உனக்குத் தெரியவில்லையே என்று குத்திக் காட்டுகிறாயா? ஆமாம், நான் ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை. நீ எழுதிய பிறகுதான் அதுவும் உறைக்கிறது. நர்ஸ் சோதித்து மெஷின் சரி என்று சொல்லிவிட்டதால் அதனால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனாலும் செய்ய வேண்டியதில் அதையும் விட்டிருக்கிறேன். உன் புண்ணியத்தில் கணக்கில் இன்னொன்று கூடியது.

போன வாரம் கண் டாக்டரிடம் போனேன். கடைசி வரியில் இருக்கும் எறும்பு எழுத்து வரை படித்தேன். "கண்ணுல ஒரு குறையும் இல்லம்மா" என்றார். வாசல் வரைக்கும் வந்து உட்கார்ந்துவிட்டேன். கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்று சொல்ல மாட்டாரா என்று எவ்வளவு ஆசையாகப் போனேன் தெரியுமா? கண்ணில் குறை இல்லையென்றால் குறை எங்கே இருக்கிறது? மனசு எங்கேயோ இருந்திருக்கிறது. இரண்டு கிலோ இளைத்துவிட்டேன் என்று நானே குதித்துக்கொண்டிருந்த வாரம் அது.

கல்லூரிக்கு எழுதிவிட்டேன். உறையில் போட்டு ஒட்டியும் ஆயிற்று. அப்பாதான், "ஞாயித்துக்கிழமை வரைக்கும் அதைப் போடாத. எனக்காக" என்றார். திங்கட்கிழமை காலையில் தபாலில் சேர்த்துவிடுவேன். அதற்குப் பிறகு அந்த இடம் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும். நல்லதுதான். அவளாவது கவனமானவளாக இருக்கட்டும்.

உன் வகுப்புக் கதைகளை இனி எனக்கு எழுதாதே. படிக்கும்போது சிரிப்பு வருகிறது. இப்போது எனக்குச் சிரிக்கவே கூச்சமாக இருக்கிறது.

அக்கா


ஜூன் 27

அக்கா,

இதை வார்டன் கையில் கொடுத்தனுப்புகிறேன். நாளை அவர் நம் வீட்டுப் பக்கம்தான் போகிறார். படித்து முடிக்கும்வரை அந்த உறையை எடுத்துக்கொண்டு வெளியே போகாதே.

நீ எண்ணைத் தப்பாகப் படிக்கவில்லை. ஒருநாள்கூட. மெஷினைத் திருப்பிப் பார், அடியில் சின்னத் திருகு இருக்கும். லீவில் அதைத் திருப்பி முள்ளை இரண்டு கிலோ கீழே தள்ளி வைத்தவன் நான். நீ இளைத்துவிட்டதாக நினைத்துக் குதிக்க வேண்டும் என்பதுதான் விளையாட்டு. அப்பாவும் அதே மெஷினில் ஏறினார். அது காட்டிய எடைக்கு மெல்லிசுப் பைதான் சரியான பை. நர்ஸாக இருந்தாலும் அதைத்தான் எடுத்திருப்பார். ஆம்புலன்ஸ் போன பிறகு திருகைப் பழையபடி திருப்பி வைத்தவனும் நான்தான். அப்படி வைக்காமல் விட்டிருந்தால், நர்ஸ் வந்த அன்றே உண்மை தெரிந்திருக்கும். கண் டாக்டர் வாசலில் நீ உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

முதலிலேயே சொல்ல வந்தேன். எழுதி, பாதியில் கிழித்தேன். மை ஒன்றும் கொட்டவில்லை. அப்போதும் நான் முழுசாக அறிந்திருக்கவில்லை. ஏதோ தப்பு என்று தெரியும், எப்படித் தப்பு என்று தெரியாது. நீ பாடம் எழுதி அனுப்பினாய். அதைப் பிள்ளைகளிடம் சொல்லச் சொல்ல எனக்கே புரிந்துகொண்டு வந்தது.

அந்த இரண்டாவது வகுப்பைப் பற்றி நான் எழுதியது பாதிக்கு மேல் புளுகு. முள்ளைப் பார்க்க வேண்டும் என்று நான் கற்றுக் கொடுக்கவில்லை. உருளைக்கிழங்கை நான் நேராகத் தட்டில் வைக்கப் போனேன். கேள்விக்குறிதான் என் கையைப் பிடித்து, "அண்ணா, இருங்க. முள்ளு பூஜ்யத்துல இருக்கா பாத்தீங்களா?" என்றான். கையில் துண்டை வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். பிறகு மெல்லிசுப் பை போட்டால் என்ன ஆகும் என்று கேட்டானே, அதற்கும் நான் பதில் சொல்லவில்லை. வயிற்றுவலி என்று வெளியே போய் வராந்தாவில் உட்கார்ந்துவிட்டேன். மிச்ச எடையெல்லாம் அவர்களே போட்டார்கள். கைதட்டல் கேட்டது உண்மை. அது சர்க்கரைப் பாகை ஆளுக்கொரு விரல் நக்கிக்கொள்ளலாம் என்று மிஸ் அனுமதித்ததற்கு. டீச்சர் வேலைக்குப் போ என்று அவர் சொன்னதும் என்னிடம் இல்லை. கேள்விக்குறியிடம்.

நேற்று வார்டனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன், டெலிபோனை என் பக்கம் தள்ளினார். வீட்டுக்குப் போட்டேன். அப்பாதான் எடுத்தார். "யாரு, வாத்தியாரா?" என்று கேட்டார். அந்தக் குரலில் இன்னும் மூச்சு இழுக்கிறது. நான் ஒரு கோழி ஜோக் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

அந்த நர்ஸிடமும் டாக்டரிடமும் இதைக் காட்டு. வார்டிலிருந்த எல்லோருக்கும் கேட்கும்படி அவர் உன்னிடம் கேட்டார் என்றால், பதிலும் எல்லோருக்கும் கேட்கட்டும். என் பெயரைச் சொல். கல்லூரிக்கு வேறு தாள் எடுத்து, வருகிறேன் என்று எழுது. என்னோடு பேச வேண்டாம் என்றால் பேசாதே, அது வேறு விஷயம். அப்பாவிடம் மட்டும் நீ சொல்லாதே. ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். வார்டன் லீவு கொடுத்துவிட்டார். அப்பாவிடம் நானே சொல்ல வேண்டும்.

சொல்வேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் என்னை நம்பி இருக்காதே அக்கா, நீயும் கூடவே நில். ஏனென்றால் அன்று எனக்குப் பரீட்சை எதுவும் இல்லை. ஆஸ்பத்திரிக்கு வந்தேன். பையோடு வார்டின் கண்ணாடிக் கதவு வரைக்கும் வந்தேன். உள்ளே நீ அப்பாவின் காலை விரலால் அழுத்தி, விழுந்த குழி மேலே எழும்புகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றாய். அது எழும்பவில்லை. நீ மறுபடியும் அழுத்தினாய். கதவைத் தள்ளக் கையை வைத்தேன், எடுத்துவிட்டேன். பஸ் நிற்கும் இடம் வரைக்கும் ஓடினேன். அஞ்சா நெஞ்சன் என்று கையெழுத்துப் போட்டவன் அவன்தான்.

தம்பி